கைப்பழக்கம்

ரொட்டி வெட்டும் கத்தியைத் தேடிச் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு அவள் வெளியே வந்தபோது, அது வீட்டு முன்பக்கத்துத் தகரக் கொட்டகையில், அவள் கணவன் கையில் இருந்தது. அந்தக் கொட்டகைதான் அவனுடைய ஸ்கூட்டர் பட்டறை. தரையில் பழைய சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் உறை கழற்றிய ஒரு ஸ்கூட்டர் சீட்டு. அதன் மஞ்சள் ஃபோமை அந்தக் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டிருந்தான். ஒரு சீவல் எடுப்பான், தூளை ஊதுவான், கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அந்த இடத்தில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு இன்னொரு சீவல். அவள் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை. எதையும் சுத்தியலால் தட்டியே பேசிப் பழகிய மனுஷன் ஒரு ஃபோம் துண்டை இப்படிக் கொஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன் முதுகை ஒரு நாளாவது இப்படித் தொட்டுப் பார்த்திருப்பானா என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"அது என் கத்தி," என்றாள்.

"இரு, முடிச்சிட்டுத் தரேன். இதுலதான் பிசிறு இல்லாம வருது."

"யாரு வண்டி?"

"டீச்சரோடது."

அந்த ஒரு சொல்தான் குத்தியது. காரணம் இருந்தது. அவனுக்கு வாடிக்கையாளர் என்று மனிதர்கள் யாரும் கிடையாது, வண்டிகள்தான் உண்டு. "நீலம் வந்து கத்திட்டுப் போச்சு" என்பான். "உடைஞ்ச கண்ணாடிக்குப் பேத்தி பொறந்திருக்காம், இனிப்பு குடுத்துட்டுப் போச்சு" என்பான். தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்பவரை யாரென்று தெரியாமல் திருதிருவென விழிப்பான். அதே ஆள் வண்டியில் முக்குத் திரும்பினால் சத்தத்தை வைத்தே ஜாதகம் சொல்லிவிடுவான். இந்த மெரூன் வண்டியும் முதலில் மெரூனாகத்தான் வந்தது. "ஒரு மெரூன் வந்திருக்கு, முதுகுவலியாம்" என்றான். அடுத்த வாரம் அது 'மெரூன் டீச்சர்' ஆயிற்று. இப்போது வெறும் டீச்சர். வண்டியாக வந்தவள் எப்போது மனுஷியானாள் என்பதை அவள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை அல்ல. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. விடிந்ததும் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரின் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் ஊரின் பாதி மாடிப்படிகளை ஏறி இறங்கியிருப்பாள். படுக்கையிலிருப்பவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், ஊசியைப் பார்த்ததும் சாமியாடும் ஆறடி ஆண்கள் எல்லோரும் அவளுக்காகக் காலை உணவு சாப்பிடாமல் காத்திருப்பார்கள். தன் சாம்பல் நிற ஸ்கூட்டரில் அப்படி யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் தெருத்தெருவாகப் போகும் அந்தக் காலை வேளைதான் அவளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஒரே சொந்தப் பொழுது. மற்றதெல்லாம் யாராவது ஒருவருக்குப் போய்விடும்.

அந்தச் சொந்தப் பொழுதுக்குத்தான் வேட்டு வைத்தது வலி. சில வருஷங்களுக்கு முன்பு பரிசோதனைக் கூடத்தின் கழுவிவிட்ட படியில் சறுக்கி, இடுப்பின் இடதுபக்கம் அடிபட உட்கார்ந்துவிட்டாள். வீக்கம் வற்றியது, வலி வற்றவில்லை. இடது புட்டத்துக்கு மேலே, வால் எலும்பை ஒட்டினாற்போல் ஒரு புள்ளியில் அது குடியேறிக்கொண்டது. பள்ளத்தில் வண்டி இறங்கினால் அங்கிருந்து ஒரு மின்னல் கிளம்பிக் குதிகால் வரை போகும். எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றார் டாக்டர். ஆனால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும் என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கணவன் தலையாட்டினான். "வண்டிய வித்துடலாம். நீ உள்ளேயே உக்காந்து பார்க்கிற வேலையைக் கேளு. இல்லன்னா வீட்டுல இரு." அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலி என்று சொன்னால் வண்டி போய்விடும். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவன் கேட்டான், வலிக்குதா என்று. "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு," என்றாள். மறுநாளும் கேட்டான். ஒன்றுமில்லை. அப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான். அவளும் சொல்வதற்கு அவசியமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். வலது தொடையின் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் வலப்பக்கம் போட்டு ஓட்டுவாள். வீட்டுத் தெருவுக்குள் நுழையும் முன் துண்டை எடுத்து டிக்கிக்குள் திணித்துவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டறை முன்னால் ராணி மாதிரி வந்து இறங்குவாள்.

அவனுடைய பட்டறையிலும் ஒரு சட்டம் இருந்தது. குறை சொல்லாத வண்டியில் கை வைக்க மாட்டான். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருக்கும். வண்டியை விட வருபவர்கள் வாயைத் திறந்து இன்ன குறை என்று சொல்ல வேண்டும். அதை அப்படியே வண்டியின் காலடித் தகட்டில் எழுதிக்கொள்வான். எழுதியதைச் சரிசெய்வான். எழுதாதது, சக்கரமே கழன்று விழுந்துகொண்டிருந்தாலும், அவன் கண்ணுக்குத் தெரியாது. "நாமளா கை வச்சா, அப்புறம் எது கெட்டாலும் நம்ம தலையிலதான் விடியும்," என்பான். அவளுடைய சாம்பல் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவான், பிரேக் இறுக்குவான். அதற்குமேல் அவள் எதுவும் சொன்னதில்லை. அவன் எதுவும் எழுதியதில்லை.

மெரூன் வண்டியின் காலடித் தகட்டிலோ சாக்பீஸ் எழுத்து நிரம்பி வழிந்தது. ஒருநாள் பின்பக்கத்து ஷாக்கைக் கழற்றிவிட்டு, மெத்தென்று இறங்கி ஏறும் வேறொன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து மாட்டினான். குனிந்து ஓட்ட வேண்டாம் என்று ஹேண்டில்பாரைத் தூக்கி வைத்தான். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று பெரிய கண்ணாடிகள். சென்டர் ஸ்டாண்டில் இழுத்துப் போடுவது இடுப்பைப் பிடிக்கும் என்று சைடு ஸ்டாண்டை நீளமாக்கிப் பற்ற வைத்தான். டயரில் காற்று எவ்வளவு என்பதைக்கூட உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து முடிவு செய்தான். ஒவ்வொரு சாமானும் மாறும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. 'அவளுக்கும் முதுகுவலி, எனக்கும் முதுகுவலி. எனக்கு வண்டியை விடு என்றான். அவளுக்கு வண்டியையே மாற்றுகிறான்.' இதை அவள் பாத்திரம் கழுவும்போது நினைத்தாள், ரத்தம் எடுக்கும்போது நினைத்தாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது நினைத்தாள். பொறாமைதான், வேறு பெயர் வைத்து அழகுபடுத்த அதில் ஒன்றுமில்லை. அதுவும் கட்டுச்செட்டான பொறாமை; வெளியே ஒரு சொல் சிந்தாமல் உள்ளேயே கிடந்து வேகும்.

அந்த அடுப்பில் விறகு போடவென்றே நாத்தனார் இருந்தாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்க வந்தவள், அண்ணன் குழாயடியில் நின்று கை கழுவுவதைப் பார்த்துவிட்டு அண்ணியின் பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள்.

"என்ன அண்ணி, சோப்பெல்லாம் போட்டுக் கழுவுறான்?"

"சாயங்காலம் டீச்சர் வண்டி பார்க்க வராங்களாம்."

"இவன் கல்யாண போட்டோவ எடுத்துப் பாருங்க. மாப்பிள்ளை நகமெல்லாம் கறுப்பா இருக்கும். எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்காகக் கழுவாத கை அண்ணி அது."

"வேலை அப்படி."

"ஆமா, ஆமா. வேலைதான்," என்று நாத்தனார் நீட்டி முழக்கினாள். "உறையில பூ வேலை எதுவும் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க. டீச்சருக்கு."

அவள் சிரித்துவைத்தாள். சிரிக்கும்போது இடுப்பில் சுரீரென்றது. சாயங்காலம் டீச்சர் வந்தபோது பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாகச் சமையலறையிலேயே இருந்தாள். காதுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. ஒரு நிதானமான குரல் கேட்டது. இடையில் கணவனின் சிரிப்புக் கேட்டது. எதற்குச் சிரித்தான் என்பது தெரியவில்லை. அது தெரியாமல் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் உதிரி பாகம் வாங்கக் கிளம்பிப் போன பிறகு, மெரூன் வண்டி கொட்டகையில் தனியாக நின்றது. எல்லா வேலையும் முடிந்து, உறை போட்டு, துடைத்து, மறுநாள் டீச்சர் எடுத்துப்போகத் தயாராக இருந்தது. அவளுடைய சாம்பல் வண்டியின் அதே கம்பெனிதான், அதே உடம்புதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை. ஆனால் தங்கைக்கு மட்டும் யாரோ சீர் செய்து வைத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாவி ஆணியில் தொங்கியது. காலைத் தூக்கிப் போட வேண்டிய வண்டி இல்லையென்றாலும், வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கமாகச் சாய்ந்தபடி உட்கார்ந்தாள்.

பிறகு மெல்ல, பயந்து பயந்து, நேராக உட்கார்ந்தாள். எங்கே அது கடிக்கும் என்று காத்திருந்தாள். கடிக்கவில்லை. இடது பக்கம் சீட்டு இருந்தது, ஆனால் இல்லாமலும் இருந்தது. அந்தப் புள்ளிக்குக் கீழே வெறும் காற்றை யாரோ தாங்கலாக வைத்திருப்பது போல. அவள் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தினாள். தெருமுனை வரை போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் தெருமுனையில் வண்டி திரும்பவில்லை. தபால் நிலையத்துக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. தினமும் அதை நெருங்கும்போதே அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். இன்றைக்கும் கடித்துக்கொண்டாள். வண்டி இறங்கியது, ஏறியது. மின்னல் வரவில்லை. திரும்பி வந்து வேண்டுமென்றே அதே பள்ளத்தில் இன்னொரு முறை இறக்கினாள். பெட்டிக்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். பள்ளத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு பெண் முகமெல்லாம் மலர்ந்து போவதை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

அந்த மலர்ச்சி வீடு வந்து சேரும்வரை தாங்கவில்லை. பாதி வழியிலேயே ஒன்று உறைத்தது. இந்தச் சுகம் அவளுடையது அல்ல. நாளைக் காலையிலிருந்து தினமும் இதில் உட்காரப் போவது வேறொருத்தி. கணவன் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை வைத்து, அந்த வேறொருத்தியின் வலி எங்கே இருக்கிறது என்று இவ்வளவு நுணுக்கமாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். எவ்வளவு நேரம் அவளைப் பற்றி யோசித்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்கும்? வண்டி சொகுசாகப் போகப் போக அவளுக்கு ஆத்திரம் ஏறியது. சுமாராகச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். வண்டியைப் பழைய இடத்தில், பழைய கோணத்தில் நிறுத்தினாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவன் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

சில நாட்கள் கழித்து, அவள் காலையில் கிளம்பும்போது அவன் காதில் சாக்பீஸோடு வாசலுக்கு வந்தான். "டீச்சருக்கு ரத்தம் எடுக்கணுமாம். டாக்டர் ஏதோ எழுதிக் குடுத்திருக்காராம். எங்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு சொன்னேன். அந்தப் பக்கம்தானே போற, பார்த்துட்டுப் போயிடு." அவள் ஐஸ் பெட்டியை வைக்கிற சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். வண்டியைச் செய்து கொடுத்தது போதாதென்று இப்போது பெண்டாட்டியையும் அனுப்பிவைக்கிறான். 'எங்க வீட்டுல ஆள்' என்றானாம். ஆள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் டீச்சருக்கு ஒரு முகம் வரைந்துகொண்டே போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த முகம் இன்னும் கொஞ்சம் அழகாயிற்று.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அவள் வரைந்த எந்த முகமும் இல்லை. தன்னைவிட வயதில் பெரியவர். முடியைச் சீவாமல் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். ஆனால் திரும்பி உள்ளே நடந்தபோது அவளுக்கு ஒரு கணம் கண்ணாடியைப் பார்ப்பது போலிருந்தது. அடியெடுத்து வைக்குமுன் ஒரு சின்னத் தயக்கம், கைக்கெட்டும் மேசை விளிம்பை ஒரு தொடல். மேசை முழுக்கக் கணக்குப் பரீட்சைத் தாள்கள். ஒரு நாற்காலியில் மட்டும் தலையணை. டீச்சர் அந்தத் தலையணையை எடுத்து அவளிடம் நீட்டி, "நீங்களும் வண்டியில சுத்துறவங்க, இதுல உக்காருங்க," என்றார். அவள் நின்றபடியே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வெறுக்க வந்த இடத்தில் தலையணை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

ரப்பர் பட்டையைக் கட்டி, விரல்களை மடக்கிப் பிடிக்கச் சொல்லி, நரம்பைத் தேடினாள். நல்ல நரம்பு. அதுகூட எரிச்சலாக இருந்தது.

"வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

"அதை ஏம்மா கேக்குறீங்க," என்று டீச்சர் சிரித்தார். "ஷாக்கு, ஹேண்டிலு எல்லாம் பிரமாதம். சீட்டுதான் காலை வாரிடுச்சு. எனக்கு வலி வலது பக்கம். உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருந்தேன், அவரும் சாக்பீஸ்ல பெருசா எழுதினார். ஆனா குழியை வெட்டினது இடது பக்கம். பாரமெல்லாம் வலது பக்கம் வந்து, ரெண்டு நாள் எழுந்திருக்க முடியல."

அவளுடைய விரல் நரம்பின் மேலேயே நின்றது.

"போன் பண்ணிச் சொன்னேன். பாவம், மனுஷன் அப்படியே பதறிப்போயிட்டார். எப்படிங்க இப்படி ஆச்சுன்னு கேட்டா, 'தெரியல டீச்சர், கைப்பழக்கத்துல இடது பக்கம் வந்துடுச்சு'ங்கிறார். இன்னிக்குக் காலையில வந்து எடுத்துட்டுப் போயி, வேற செஞ்சு தரேன்னிருக்கார். நிறைய பேருக்கு இடது பக்கம்தான் வருமோ?"

அவன் இதற்கு முன்னால் யாருக்கும் சீட்டு வெட்டியதில்லை. அது அவளுக்குத் தெரியும். ரொட்டிக் கத்தி தன் வீட்டுச் சமையலறையை விட்டு வெளியே போனதே அதுதான் முதல் தடவை. எந்தப் பழக்கம்? எந்தக் கைக்கு? அவள் ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. இத்தனை வருஷ வேலையில், குழந்தைகளின் நூலிழை நரம்பில்கூடத் தப்பாத கை, இவ்வளவு நல்ல நரம்பில் தப்பியது. உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, "மன்னிச்சுக்குங்க, வலிச்சிருக்கும்," என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் டீச்சர். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த மற்றக் கை முஷ்டி பிடித்திருந்தது. அந்த முஷ்டியை அவள் தினமும் பார்க்கிறவள். ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களின் மற்றக் கையைப் பார்த்தால் போதும் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதை யாராவது தன் வீட்டிலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த கையில் ஒழுங்காக எடுத்துவிட்டு, டியூபை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். கிளம்பும்போது டீச்சர், "அவர்கிட்ட கோவிச்சுக்காதீங்க," என்றார். எதற்குக் கோபம் என்று இவருக்கு எங்கே தெரியும் என்று எண்ணியபடி படியிறங்கினாள்.

கோபம்தான் வந்தது. வழிநெடுக வந்தது. தெரிந்திருக்கிறது அவனுக்கு. எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு ஆழம், எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் அவள் ராணி மாதிரி வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அவளுடைய வலியையே அளவெடுத்து இன்னொருத்திக்குத் தைத்துக் கொடுத்துவிட்டான். டீச்சர் மேலிருந்த பொறாமை போய்விட்டதா என்றால், அதுவும் போகவில்லை. தனக்கென்று வெட்டிய குழியில் அந்த அம்மாள் ரெண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாரே என்று அது வேறு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டது. தபால் நிலையப் பள்ளத்தில் வண்டி இறங்கியது. மின்னல் குதிகால் வரை போயிற்று. இன்றைக்கு அவள் பல்லைக் கடிக்கவில்லை. "அம்மா" என்று வாய்விட்டே சொன்னாள். பெட்டிக்கடைக்காரர் மறுபடியும் தலையை நீட்டினார்.

பரிசோதனைக் கூடத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது மதியமாகிவிட்டிருந்தது. துண்டை எடுத்து டிக்கிக்குள் வைக்கவில்லை. அது தொடையின் அடியில் இருந்தபடியே, உடம்பு கோணலாக, வந்த கோலத்திலேயே வந்தாள். கொட்டகையில் மெரூன் வண்டி சீட்டில்லாமல் முதலில் நின்றது; சீட்டு சாக்கின் மேல் கிடந்தது. அதற்குப் பின்னால் வேறு சில வண்டிகள். வழக்கமாக அவள் தன் வண்டியை வாசற்படி ஓரம் நிறுத்துவாள். இன்றைக்கு அந்த வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் தேநீர் டம்ளரோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்ன?"

"வண்டி விடணும்."

"என்ன கம்ப்ளெயிண்ட்?"

யோசித்துக் கேட்டதில்லை, தினம் கேட்கிற கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவளுக்கோ, வருஷக்கணக்காக ஒன்றுமில்லை என்றே சொல்லிப் பழகிய நாக்கு, வேறு எதையும் சொல்ல மறந்துபோயிருந்தது. அவள் அருகில் போய் அவன் காதிலிருந்த சாக்பீஸை உருவினாள். காலடித் தகட்டில் எழுதவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் சீட்டின் இடது பக்கம், கறுப்பு ரெக்சினின் மேல் ஒரு வட்டம் போட்டாள்.

அவன் எழுந்து வந்தான். வட்டத்தைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் அதை அழித்துவிட்டு, அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, இரண்டு விரற்கடை பின்னால் தள்ளி வேறொரு வட்டம் போட்டான். சரியான இடம் அதுதான். அவள் அவசரத்தில் கொஞ்சம் முன்னால் போட்டிருந்தாள்.

"எப்ப தெரியும்?" என்றாள்.

"சீட்டைப் பார்த்தா தெரியாதா? வலது பக்கம் மட்டும் அமுங்கிப் போயிருக்கு. டிக்கியில எப்பவும் துண்டு." குரல் வண்டியைப் பற்றிப் பேசுகிற குரலாகவே இருந்தது. "காலையில நீ கட்டில்ல இருந்து இறங்குறதையும் பார்க்கிறேன்ல."

"பார்த்துட்டு ஏன் கை வைக்கல?"

"நீ சொல்லல."

"சொன்னா வண்டிய விடச் சொல்வீங்க."

அவன் சாக்பீஸைக் காதில் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான்.

"டீச்சரை மட்டும் விடச் சொல்லலையே," என்றாள். இத்தனை நாள் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது இவ்வளவு சின்ன வாக்கியமாக வெளியே வந்ததில் அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது.

"டீச்சர் கீழ விழுந்தா வண்டி ரிப்பேருக்கு வரும்," என்றான் அவன். "நீ விழுந்தா..." குனிந்து சாக்கின் மேல் கிடந்த சீட்டை எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். "இதையே உன் வண்டிக்கு மாட்டிடறேன். ஒரே கம்பெனிதான், அப்படியே உக்காரும். அளவும்..." கொஞ்சம் தடுமாறினான். "அளவும் உன்னோடதுதான்."

அந்தச் சீட்டின் சுகம் அவளுக்குத் தெரியும். அது தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிஷ வேலை. மாட்டிவிட்டால் நாளைக் காலையில் பள்ளமாவது மேடாவது. அவள் அந்தச் சீட்டையே பார்த்தாள். நாத்தனார் தைத்த உறை, ஓரத்தில் பூ வேலை இல்லைதான்.

"வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"அவங்க உக்காந்துட்டாங்க."

"ரெண்டே நாள்தான். துடைச்சு..."

"அவங்களுக்குன்னு வெட்டினது எனக்கு வேணாம். எனக்குப் புதுசா வெட்டுங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். வண்டியைப் பார்ப்பது போல இல்லை. பிறகு வரிசையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "டீச்சருக்குச் சாயங்காலம் தரேன்னு சொல்லிட்டேனே," என்றான்.

"நாளைக்குக் குடுங்க."

அவன் மெரூன் வண்டியைத் தள்ளி ஓரமாக விட்டான். வரிசையின் கடைசியில் நின்ற சாம்பல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து முதலில் நிறுத்தினான். சீட்டைக் கழற்றி, ரெக்சினை ஓரத்தில் நெம்பிவிட்டு, பிறகு எதையோ தேடுவது போலச் சுற்றுமுற்றும் பார்த்தான். அவளுக்குப் புரிந்தது. சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். காலையில் ரொட்டி வெட்டிய தூள் ஒட்டியிருந்தது. குழாயில் பிடித்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலுக்கு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவன் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உறை உரிந்த அவளுடைய பழைய சீட்டு மடியில் கிடந்தது. வலது பக்கம் அமுங்கி, இடது பக்கம் மட்டும் இன்னும் புதிதாக இருந்தது. உரிக்கும்போது வட்டம் உறையோடு போய்விட்டதே என்று நினைத்தாள். அவன் தேடவில்லை. உள்ளங்கையை நேராக அந்த இடத்தில் வைத்துக் கண்ணை மூடியிருந்தான். கை கழுவிக்கூட இருக்கவில்லை. நகக்கண் எல்லாம் கறுப்பு. மெல்ல அழுத்தினான். கொஞ்சம் தள்ளி அழுத்தினான். திரும்ப அதே இடத்துக்கு வந்தான். மடியில் கிடந்த அந்தப் பழைய சீட்டைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கத்தியைக் கையில் பிடித்தபடி, தான் வந்தது அவனுக்குத் தெரிந்துவிடாமல், மூச்சுவிடும் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.